வாடகை வீட்டுக்கு எஸ்.எம்.எஸ்.: எழுபது எழுத்துக்குள் ஒரு பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோர் வீட்டிலும் ஒரு கேள்வி எழும். "பாட்டு கேட்டாச்சு, படம் பார்த்தாச்சு, இதால வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" எங்கள் வீட்டில் இதைக் கேட்டவர் என் அம்மா. நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எனக்கே உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்துக் கிடைத்த பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் பாடமாகத் தருகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடி. அப்பா சிங்கப்பூரில் சம்பாதித்த பணத்தில் கீழே மூன்று, மாடியில் மூன்று என ஆறு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். அப்பா இப்போது இல்லை. வாடகை, தண்ணீர், மோட்டார், காலி வீட்டைக் கேட்டு வருபவர்கள் என எல்லாவற்றையும் அம்மாதான் பார்க்கிறார். தண்ணீர்த் தொட்டி கழுவுவதாக இருந்தால் ஆறு வீட்டுக்கும் போன் செய்வார். இரண்டு பேர் எடுக்க மாட்டார்கள். மறுநாள் அந்த இரண்டு வீட்டிலிருந்தும்தான் சத்தம் வரும்.

"எஸ்.எம்.எஸ். அனுப்பலாமே அம்மா, கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பலாம்" என்று ஆரம்பித்து வைத்தேன். இதில் நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

ஏன் எஸ்.எம்.எஸ்.?

வாட்ஸ்அப் இருக்கும்போது எஸ்.எம்.எஸ். எதற்கு என்று கேட்பீர்கள். ஆறு வீட்டில் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. இன்னொரு வீட்டில் மாதக் கடைசியில் நெட் பேக் தீர்ந்துவிடும். எஸ்.எம்.எஸ். வருவதற்கு நெட் தேவையில்லை. எந்த போனாக இருந்தாலும் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. வாட்ஸ்அப் குரூப் தொடங்கினால் அதில் உள்ள எல்லோருடைய போன் எண்ணையும் மற்றவர்கள் பார்க்கலாம். கணவர் வெளிநாட்டில் இருக்க, குழந்தைகளோடு தனியாகக் குடியிருக்கும் பெண்கள் எங்கள் பகுதியில் நிறைய. அவர்கள் எண்ணை மற்ற ஐந்து வீட்டுக்கும் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

எஸ்.எம்.எஸ். எப்படிப் பயணம் செய்கிறது?

உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992ம் ஆண்டு டிசம்பர் 3ம் தேதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. நீல் பாப்வொர்த் என்ற இளம் இன்ஜினியர், வோடபோன் நிறுவன அதிகாரி ரிச்சர்ட் ஜார்விஸுக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதை அவர் ஒரு கம்ப்யூட்டரில் டைப் செய்துதான் அனுப்பினார். ஆகவே கம்ப்யூட்டரிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்புவது புதுமை ஒன்றும் இல்லை. அது பிறந்ததே அப்படித்தான்.

நாம் அனுப்பும் செய்தி நேராக அடுத்தவர் போனுக்குப் போவதில்லை. முதலில் மொபைல் நிறுவனத்தின் மெசேஜ் சென்டருக்குப் போகிறது. அடுத்தவர் போன் ஆனில் இருந்தால் உடனே அனுப்பப்படும். ஸ்விட்ச் ஆப் ஆகியிருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ சென்டரிலேயே காத்திருந்து, போன் உயிர் பெற்றதும் போய்ச் சேரும். குறிப்பிட்ட காலத்துக்குள் போன் வரவில்லை என்றால் செய்தி நீக்கப்பட்டுவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட கஜா புயலில் நன்றாகப் புரிந்துகொண்டேன். 2018ம் ஆண்டு நவம்பர் 16ம் தேதி அதிகாலை அந்தப் புயல் கரையைக் கடந்தபோது நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். எங்கள் பக்கம் தென்னை மரங்களும் மின் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, டவர் இல்லை. போன் போகாததால் அம்மாவுக்கு எஸ்.எம்.எஸ். மேல் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். "நாளை வருகிறேன்" என்று எழுதியிருந்தேன். பஸ் கிடைக்கவில்லை. மறுநாளும் அதையே அனுப்பினேன். அம்மா பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிய இடத்தில் போனை சார்ஜ் போட்டு, சிக்னலும் வந்தபோது, செய்திகள் மொத்தமாக வந்து விழுந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் "நாளை". எந்த நாளை என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டேனோ என்று பயந்து, இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார்.

ஆகவே முதல் விதி இது. எஸ்.எம்.எஸ்.ஸில் இன்று, நாளை என்று எழுதக்கூடாது. தேதியும் கிழமையும் எழுத வேண்டும். நாம் எழுதும் நேரமும் அவர் படிக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதல் வேலை: எக்ஸெல்லில் ஒரு பட்டியல்

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து புதிய ஒர்க்ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை வரிசையாக டைப் செய்திடவும்: வீடு, பெயர், போன் எண், வாடகை, கடைசித் தேதி, மொழி, வழி.

"மொழி" என்பதில் அவர் தமிழில் படிப்பாரா, ஆங்கிலத்திலா, அவர் போனில் தமிழ் தெரியுமா என்பதைக் குறிக்கவும். சில பழைய பட்டன் போன்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். "வழி" என்பதில் எஸ்.எம்.எஸ். அல்லது போன் என்று எழுதவும். கீழ் வீட்டுப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு எத்தனை எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும் பயன் இல்லை. அம்மா நேரில் போய்ச் சொல்லிவிடுவார். இதுவும் பட்டியலில் இருக்க வேண்டும்.

புதியவர்கள் இங்கே இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். ஒன்று, போன் எண்ணைக் கூட்டல் குறியோடு டைப் செய்தால் எக்ஸெல் அதைக் கணக்கு எண் என்று நினைத்துக் கூட்டல் குறியை நீக்கிவிடும். இதைத் தவிர்க்க அந்த நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் விண்டோவில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். இரண்டாவது, தேதி. எக்ஸெல் தேதியை உள்ளே ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 2025ம் ஆண்டு நவம்பர் 12 என்பது அதற்கு 45973. பார்முலா மூலம் தேதியைச் செய்தியில் சேர்த்தால் இந்த எண் வந்து நிற்கும். வாடகைதாரர் அதைத் தொகை என்று நினைத்தால் என்ன ஆகும்? எனவே தேதி வரிசையையும் டெக்ஸ்ட் ஆக மாற்றிவிட்டு, அதன் பிறகு தேதிகளை டைப் செய்திடவும்.

பைலைச் சேமிக்கும்போது பாஸ்வேர்டு கொடுத்துவிடவும். பைல் மெனுவில் இன்போ, அதில் புரொடெக்ட் ஒர்க்புக் என்று சென்றால் இந்த வசதி கிடைக்கும். ஆறு குடும்பங்களின் போன் எண்கள் அதில் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது வேலை: போனைக் கம்ப்யூட்டருடன் இணைத்தல்

ஆண்ட்ராய்ட் போனில் கூகுள் மெசேஜஸ் என்ற அப்ளிகேஷன் இருந்தால் வேலை எளிது. கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, கூகுள் மெசேஜஸ் பார் வெப் என்று தேடி, கூகுள் நிறுவனத்தின் தளத்திற்குச் செல்லவும். அங்கே கியூஆர் கோட் கட்டம் ஒன்று கிடைக்கும். போனில் மெசேஜஸைத் திறந்து, மேலே உங்கள் படம் இருக்கும் வட்டத்தைத் தட்டினால் டிவைஸ் பேரிங் என்ற பிரிவு வரும். அதன் வழியே போன் கேமராவால் அந்தக் கட்டத்தைக் காட்டவும். சில விநாடிகளில் போனில் உள்ள செய்திகள் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிடும். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள், அதிலேயே தரப்பட்டுள்ள போன் லிங்க் என்ற புரோகிராமையும் பயன்படுத்தலாம்.

செய்தி கம்ப்யூட்டரிலிருந்து போவது போலத் தோன்றினாலும் அது உங்கள் போனில் உள்ள சிம் வழியாகத்தான் போகிறது. போன் ஆனில் இருக்க வேண்டும். நெட் இணைப்பிலும் இருக்க வேண்டும். கட்டணமும் உங்கள் சிம் திட்டப்படிதான். இன்று பல பேக்குகளில் நாளொன்றுக்கு 100 எஸ்.எம்.எஸ். தருகிறார்கள். ஆறு வீட்டுக்கு அது தாராளம்.

ஒரு எச்சரிக்கை. இந்த இணைப்பைப் பிரவுசிங் சென்டரிலோ அலுவலகப் பொதுக் கம்ப்யூட்டரிலோ ஏற்படுத்த வேண்டாம். உங்கள் பேங்க் அனுப்பும் ஓ.டி.பி. எண்களும் அதே திரையில்தான் தெரியும்.

மூன்றாவது வேலை: தமிழில் டைப் செய்தல்

பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே டைப் செய்து அனுப்புகிறார்கள். அதில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். தமிழிலேயே எழுதுவது நல்லது. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்பதைக் கிளிக் செய்திடவும். ஆட் எ லாங்வேஜ் கொடுத்துத் தமிழைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்திடவும். அதன் பின் கீபோர்டு ஆப்ஷன்களில் தமிழ் 99 அல்லது உங்களுக்குப் பழகிய வேறு கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறலாம்; மறுபடி தட்டினால் திரும்பலாம்.

160ம் 70ம்

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 140 பைட் மட்டுமே அடங்கும். அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்குகின்றன. தமிழ் எழுத்துகள் யூனிகோட் முறையில் செல்வதால் ஒன்றுக்கு 16 பிட் தேவை. வகுத்துப் பாருங்கள், 70 வரும். இதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து போய், அடுத்தவர் போனில் ஒன்றாகச் சேரும். பிரிந்த துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் துண்டு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67 எழுத்துகள்தான் கிடைக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்.எம்.எஸ். என்று கணக்கில் சேரும்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தால் முழுச் செய்திக்கும் 70தான். புதிய ரூபாய் குறியீட்டைப் போட்டாலும், வேர்டிலிருந்து காப்பி செய்யும்போது வளைந்த மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று. நாம் ஓர் எழுத்து என்று நினைப்பது கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து அல்ல. "வாடகை" நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு வ, துணைக்கால், ட, க, ஐகாரக் குறி என ஐந்து. "தண்ணீர்" அதற்கு ஏழு. புள்ளிகள் தனித்தனியாக எண்ணப்படும்.

இதை விரல் விட்டு எண்ண வேண்டாம். எக்ஸெல்லில் லென் என்று ஒரு பங்க்ஷன் உண்டு. சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் எல், இ, என் என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் செய்தி உள்ள செல்லைக் கொடுத்து என்டர் தட்டவும். எஸ்.எம்.எஸ். கணக்குப்படியே எழுத்து எண்ணிக்கை கிடைக்கும்.

நான் முதலில் எழுதிய செய்தி இது: "நாளை புதன் காலை 9-11 தண்ணீர் வராது. தொட்டி கழுவுகிறோம். இன்றே பிடித்து வைக்கவும்." லென் 81 என்று காட்டியது, இரண்டு எஸ்.எம்.எஸ். அதோடு இதில் நாளை, இன்றே என்று தடை செய்யப்பட்ட இரண்டு சொற்களும் இருக்கின்றன. திருத்தியது: "12 புதன் காலை 9-11 தண்ணீர் வராது. தொட்டி சுத்தம். பிடித்து வைக்கவும்." இது 69. ஒரே எஸ்.எம்.எஸ்.; எப்போது படித்தாலும் பொருள் மாறாது.

நான்காவது வேலை: ஆளுக்கு ஒரு செய்தி

இனி நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன்.

தொட்டி கழுவும் செய்தியை ஆறு எண்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தட்டில் அனுப்பியிருந்தேன். அன்று மாலை மாடி வீடு ஒன்றுக்கு வாடகை பாக்கி நினைவூட்டல் அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டு எண், மாதம், தொகை எல்லாம் போட்டு டைப் செய்து என்டர் தட்டினேன். திரையில் திறந்திருந்தது காலையில் ஆறு பேருக்கு அனுப்பிய அதே பக்கம். செய்தி ஆறு வீட்டுக்கும் போய்விட்டது. எஸ்.எம்.எஸ்.ஸைத் திரும்ப வாங்க வழி கிடையாது.

அந்த வீட்டு அக்காவின் கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். அந்த மாதம் அவருக்குச் சம்பளம் தாமதம். இரவு எட்டு மணிக்கு அக்கா கீழே இறங்கி வந்து அம்மாவிடம், "அக்கா, நீங்க என்கிட்ட நேர்ல கேட்டிருந்தா எனக்கு ஒண்ணுமில்லை. கீழ் வீட்டுப் பிள்ளை வந்து என் மகன்கிட்ட, உங்க வீட்டுல காசு இல்லையாமேன்னு கேக்குது" என்றார். அழவில்லை, சத்தமும் போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவாயில்லை தம்பி" என்றார். அடுத்த வாரம் பாக்கியைக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வீட்டைக் காலி செய்தார்.

அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "உங்க அப்பா இந்த நோட்டை யாரும் பாக்காம பீரோவுல பூட்டி வெச்சிருந்தாருடா. நீ ஒரு தட்டு தட்டி ஆறு வீட்டுக்கும் படிச்சுக் காட்டிட்டே."

அன்றிலிருந்து கடைப்பிடிக்கும் முறை இது. பணம், பாக்கி, புகார் தொடர்பான செய்திகளை ஒருவரது பெயரைத் திறந்து அவருக்கு மட்டுமே அனுப்புகிறேன். பொதுச் செய்தியையும் தனித்தனியாகவே ஆறு முறை ஒட்டி அனுப்புகிறேன். ஐந்து நிமிடம் கூட ஆவதில்லை.

பல பேருக்குச் சேர்த்து அனுப்பியே ஆக வேண்டும் என்றால், போனில் மெசேஜஸ் செட்டிங்ஸில் குரூப் மெசேஜிங் என்ற பிரிவைப் பார்க்கவும். எல்லோரும் ஒரே உரையாடலில் சேரும் முறை ஒன்று, எஸ்.எம்.எஸ். தனித்தனியாகப் போய், பதிலும் தனித்தனியாக வரும் முறை மற்றொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கவும். முதல் முறையில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். அதே செட்டிங்ஸில் டெலிவரி ரிப்போர்ட் கேட்கும் வசதியும் உண்டு. அதை ஆன் செய்தால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். போய்ச் சேர்ந்தது என்றால் படித்தார் என்று பொருள் அல்ல என்பதையும் நினைவில் கொள்ளவும்.

செய்தியை எக்ஸெல்லே எழுதித் தரும்படியும் செய்யலாம். பட்டியலின் கடைசி செல்லில் சமக்குறி போட்டு, மாறாத சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்து, வாடகை, தேதி உள்ள செல்களை ஆம்பர்சேண்ட் குறியால் இணைக்கவும். ஒரு வரிசையில் எழுதி, செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் ஆறு வீட்டுக்கும் தனித்தனிச் செய்தி தயார். எங்கள் மாதச் செய்தி: "ஆகஸ்ட் வாடகை ரூ.5500, 5ம் தேதிக்குள். கட்டியிருந்தால் நன்றி." 60 எழுத்து. கடைசி இரண்டு சொற்கள் அம்மா சேர்த்தவை. கட்டியவரை மறுபடி கேட்டது போல் இருக்கக் கூடாது என்றார்.

வீடு கேட்டு வருபவர்களுக்கு

மாடி வீடு காலியானதும் கேட்டில் "வீடு வாடகைக்கு" போர்டு தொங்கவிட்டோம். ஒரு வாரத்தில் இருபதுக்கும் மேல் போன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விகள். அம்மா அடுப்பையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனவே ஒரு பதிலைத் தயார் செய்து நோட்பேடில் வைத்துக்கொண்டோம்:

"கறம்பக்குடி வீடு: மாடி, 2 அறை, வாடகை 5500, அட்வான்ஸ் 15000. பார்க்க 16 ஞாயிறு 10-12. எத்தனை பேர், எப்போது முதல் என்று அனுப்பவும்."

இது 129 எழுத்து. இரண்டு துண்டுக்கான 134க்குள் அடங்கிவிட்டது. வாடகையும் அட்வான்ஸும் முதலிலேயே தெரிந்துவிடுவதால், கட்டுப்படியாகாதவர்கள் பஸ் ஏறி வந்து ஏமாற வேண்டியதில்லை. போன் செய்தவருக்கு மட்டும் இதை அனுப்புங்கள். போர்டைப் பார்த்து எப்போதோ பேசியவருக்கெல்லாம் மாதாமாதம் விளம்பரம் போல அனுப்பக்கூடாது. வீடு முடிந்ததும் "வீடு முடிந்துவிட்டது, நன்றி" என்று மற்றவர்களுக்கும் ஒரு வரி அனுப்பிவிட்டு, அவர்கள் எண்களை நீக்கிவிடுங்கள். பதிலுக்குக் காத்திருந்து வேறு வீட்டை விட்டவர்கள் உண்டு.

செய்தியில் எழுதக்கூடாதவையும் உண்டு. சாவி எங்கே இருக்கிறது, வீட்டில் யார் தனியாக இருக்கிறார், எப்போது ஆள் இருக்காது போன்றவற்றை எழுத வேண்டாம். இப்போது குடியிருப்பவரின் எண்ணை "அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று புதியவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

ஒரு மோசடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன், வீட்டைப் பார்க்க நேரமில்லை, அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன் என்று செய்தி வரும். பிறகு ஒரு கியூஆர் கோட் வரும். "இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வரும்" என்பார்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண் போட்டால் பணம் போகும், வராது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் குறித்த 2017ம் ஆண்டுச் சட்டம் 2019ம் ஆண்டு பிப்ரவரி 22ம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸில் "சரி" என்று பதில் வந்ததை ஒப்பந்தமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. வாடகை பெற்றால் ரசீதும் கொடுக்க வேண்டும்.

மாநிலங்கள் ஏற்றுக்கொள்வதற்காக மத்திய அரசு 2021ம் ஆண்டு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், உரிமையாளர் வீட்டுக்குள் வர வேண்டும் என்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலமோ மின்னணு வழியிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. இது பின்பற்ற வேண்டிய நல்ல வழக்கம். பிளம்பரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டிவிட்டு "நம்ம வீடுதானே" என்று சொல்லக்கூடாது. வாடகை கொடுக்கும் வரை அது அவர்கள் வீடு.

நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட் சங்கங்கள் பல்க் எஸ்.எம்.எஸ். சேவையைப் பயன்படுத்துவதுண்டு. அதற்கு டிராய் அமைப்பின் 2018ம் ஆண்டு விதிகளின்படி, அனுப்புபவர் பதிவு செய்துகொண்டு, தலைப்பையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சொந்த சிம்மிலிருந்து குடியிருப்பவர்களுக்கு நான்கு வரி எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு இது தேவைப்படாது. ஆனால் அதே சிம்மிலிருந்து ஊர் முழுக்க வாடகை விளம்பரம் அனுப்பினால், 1909ல் புகார் வந்து உங்கள் இணைப்பே துண்டிக்கப்படலாம்.

கடைசியாக

கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று பழைய வழிகளை விட்டுவிடவில்லை. மாடிப்படி ஓரத்தில் ஒரு சின்ன போர்டும் சாக்பீஸும் இன்னும் இருக்கின்றன. தண்ணீர், கரண்ட் செய்திகளை அதிலும் எழுதுகிறோம். கஜா போல் ஒன்று வந்து டவர் சாய்ந்தால் அந்த போர்டுதான் பேசும். பணம் தொடர்பான எதையும் அதில் எழுதுவதில்லை.

அனுப்பும் முன் நான் மூன்றைப் பார்க்கிறேன். ஒன்று, மேலே இருப்பது யார் பெயர்? இரண்டு, ஒரு நாள் தள்ளிப் படித்தாலும் புரியுமா? மூன்று, இதைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்தால் இவருக்குத் தலைகுனிவு வருமா? மூன்றையும் பார்த்த பிறகே என்டர்.

இப்போது அம்மாவே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்திகளை அனுப்புகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயரை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என்டர் தட்டுவார். சென்ற தீபாவளிக்கு, காலி செய்து போன அந்த அக்காவின் எண்ணைத் தேடி எடுத்து வாழ்த்து அனுப்பினார். தனியாக, அவருக்கு மட்டும். பதில் மறுநாள் காலை வந்தது. "நல்லா இருக்கோம் அக்கா. தம்பியைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று இருந்தது.

நீங்களும் இந்த வாரம் உங்கள் வீட்டுப் பட்டியலைத் தொடங்கிப் பாருங்கள். முதல் செய்தியை உங்கள் எண்ணுக்கே அனுப்பி, வாடகைதாரர் இடத்தில் இருந்து ஒரு முறை படித்துவிட்டு, அதன் பின் மற்றவர்களுக்கு அனுப்பிடவும்.